தொய்வைத் தடுக்கும் பெக்லோமெதசோன்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் இந்த நோய்க்கு ஒரு பெயர் இல்லை. தொய்வு என்பார்கள், முட்டு என்பார்கள், இழுப்பு என்பார்கள். கிளினிக் கொப்பியில் ஆஸ்துமா என்று எழுதியிருக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, வவுனியா என்று எந்த வைத்தியசாலையின் மருந்து வழங்கும் யன்னலுக்கு முன்னால் நின்றாலும், பெக்லோமெதசோன் என்ற தடுப்பு மருந்தைப் பற்றி ஏறக்குறைய இதே கேள்விகள்தான் காதில் விழும். வைத்தியரின் சீட்டில்லாமல் பாவிக்கக்கூடாத மருந்து இது. ஒருவருக்கு எவ்வளவு தேவை என்பதைத் தீர்மானிப்பவர் அவரைப் பரிசோதித்த வைத்தியரே. கீழே உள்ள பதில்கள் அந்த மருந்தை விளங்கிக்கொண்டு பாவிப்பதற்கு உதவுவன.

என்னிடம் ஏற்கனவே நீலப் பம் இருக்கிறது. இது எதற்கு?

தொய்வுள்ளவரின் மூச்சுக்குழாய்களில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்து நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. நீலப் பம்மில், அதாவது நீல நிற நிவாரண இன்ஹேலரில், உள்ள சல்பியூட்டமோல் தசையை மட்டும் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும், நான்கு மணித்தியாலம் அளவில் அதன் வேலை முடிந்துவிடும், வீக்கமோ இருந்த இடத்திலேயே இருக்கும். 1972ஆம் ஆண்டு முதல் இன்ஹேலராகப் பாவனையில் உள்ள பெக்லோமெதசோன் அந்த வீக்கத்தைத் தணிப்பது. வழக்கமாகக் காலையும் மாலையும் என்று நாளுக்கு இரண்டு தடவை, முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளிழுக்கவேண்டும்.

தடுப்பு மருந்து பம்மாகவும், கருவியில் வைத்து உள்ளிழுக்கும் தூள் அடங்கிய கப்சூலாகவும் கிடைக்கும். பம் வகை பெரும்பாலும் மண்ணிற உறையில் வரும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். தயாரிப்பாளர் மாறினால் பம்மின் நிறமும் கப்சூலின் நிறமும் மாறலாம். பெயரை வாசித்துக்கொள்ளுங்கள், வாசிக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் இரண்டு மருந்தையும் இரண்டு வேறு பேணிகளில் போட்டு, தடுப்பு மருந்துப் பேணிக்கு ஒரு றப்பர் வளையம் மாட்டிவிடுங்கள்.

இழுத்த பிறகு ஒரு மாற்றமும் தெரியவில்லையே. மருந்து வேலை செய்கிறதா?

இந்த மருந்து கைவிடப்படுவதற்கு முதற்காரணம் இந்தக் கேள்விதான். நீலப் பம் அடித்தவுடன் நெஞ்சு திறப்பது தெரிகிறது; அதனால் அதற்கு நல்ல பெயர். தடுப்பு மருந்தை இழுத்தால் நெஞ்சில் ஒன்றும் தெரியாது, தொண்டையில் கொஞ்சம் தூள் பட்டதுபோல இருக்கும், அவ்வளவுதான். முதற்பலன் தெரியச் சில நாட்களிலிருந்து இரண்டு கிழமை வரை ஆகும். முழுப்பலன் கிடைக்க இரண்டு மூன்று மாதங்கள்கூட எடுக்கும். பத்து நாள் இழுத்துப் பார்த்துவிட்டு "இது எனக்குச் சரிவரவில்லை" என்று பெட்டிக்குள் வைப்பவர், மருந்து வேலையைத் தொடங்கும் நேரத்தில் அதை நிறுத்துகிறார்.

வயல் செய்பவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. குளக்கட்டைத் திருத்துவது கோடையில், தண்ணீர் கீழே கிடக்கும்போது. கார்த்திகையில் வான் பாயும் நேரத்தில் மண்மூட்டை அடுக்குவது வேறு வேலை. அதுவும் வேண்டும்தான், ஆனால் அதை நம்பிக் கோடையில் சும்மா இருக்க ஒரு கமக்காரரும் துணியமாட்டார்.

மருந்து வேலை செய்கிறதா என்று அறிய நெஞ்சைக் கேட்கவேண்டாம், கலண்டரைப் பாருங்கள். நீலப் பம் எடுத்த நாட்களில் ஒரு புள்ளி வையுங்கள். முட்டாலோ இருமலாலோ இரவில் எழும்பிய நாட்களில் ஒரு வட்டம் போடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புள்ளிகளும் வட்டங்களும் குறைந்திருந்தால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. குறையவில்லை என்றால், பெரும்பாலும் இழுக்கும் முறையில் பிழை இருக்கும். அதை முதலில் பார்க்கவேண்டும், பிறகுதான் அளவைக் கூட்டும் பேச்சு.

எனக்கு முட்டு வருவது சில மாதங்களில்தான். வருடம் முழுவதும் ஏன் எடுக்கவேண்டும்?

முட்டு வராத மாதங்களிலும் உள்வீக்கம் பலரிடம் குறைந்த அளவில் இருந்துகொண்டே இருக்கிறது. தூண்டுவது ஒன்று வந்து சேரும்போதுதான் அது வெளியே தெரிகிறது. வன்னியில் தூண்டுவதற்குக் குறைவே இல்லை. காலபோக அறுவடை தை, மாசி, பங்குனியில் நடக்கும்போது, வெட்டு மெசினுக்குப் பின்னால் எழும் சுணையும் தூசியும், நெல் காயவிடும்போதும் தூற்றும்போதும் பறக்கும் பதரும் இருக்கின்றன. அதன்பிறகு சோளகக் காற்று, கிரவல் வீதியின் செம்மண்ணை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து படுக்கையில் போடும். ஐப்பசி தொடங்கினால் மழை, ஈரச்சுவர், பூஞ்சணம், வாடைக்காற்று, தடிமன். இவற்றுக்கு மேலாக வருடம் முழுவதும் விறகடுப்பும் நுளம்புத்திரியும்.

விறகடுப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஈரவிறகு பற்றாதபோது குனிந்து ஊதுகுழலால் ஊதும் பெண், ஊதி முடித்ததும் எடுக்கும் ஆழ்ந்த மூச்சில் அடுப்பின் புகையை நேரடியாக உள்ளே இழுக்கிறார். அவருக்கு எவ்வளவு நல்ல மருந்தைக் கொடுத்தாலும் அந்த மூச்சு அதைத் தோற்கடிக்கும். காய்ந்த விறகு, புகை வெளியேற ஒரு வழி, முடிந்தால் அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது ஆகியவை மருந்தின் பாதி வேலையைச் செய்யும். அவ்வீட்டில் முட்டு உள்ள பிள்ளை அடுப்படியில் இருந்து படித்தால் இதே கதைதான்.

குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் தொல்லைப்படுவோருக்கு, அப்பருவத்திற்கு முன்பே தொடங்கிப் பின்பு நிறுத்தும் ஒழுங்கை வைத்தியர் சொல்வதும் உண்டு. அது அவர் சொல்லிச் செய்யவேண்டியது.

நீலப் பம் மட்டும் போதாதா? அதுதான் உடனே சுகம் தருகிறது.

போதாது. உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டலான ஜினா, வளர்ந்தோரையும் இளையோரையும் சல்பியூட்டமோல் மட்டும் கொடுத்து நடத்தவேண்டாம் என்று 2019ஆம் ஆண்டிலிருந்து சொல்லிவருகிறது. பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட தேசிய மீளாய்வில், உடனடி நிவாரணப் பம்மை எத்தனை முறை பெற்றார்கள் என்ற விபரம் கிடைத்தவர்கள் 165 பேர். அவர்களில் 65 பேர் இறப்பதற்கு முந்திய ஓராண்டில் 12இற்கும் மேற்பட்ட பம்களைப் பெற்றிருந்தார்கள். பம் அவர்களைக் கொன்றது என்பதல்ல இதன் பொருள். வீக்கம் உள்ளே கூடிக்கொண்டே போக, அதை மறைத்துக்கொண்டு நாட்களை ஓட்டப் பம் இடம்கொடுத்தது என்பதே.

கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் நீலப் பம் தேவைப்பட்டாலோ, முட்டால் இரவில் எழும்பவேண்டி வந்தாலோ, உங்கள் தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டு வகை மருந்தையும் ஒரே கருவியில் சேர்த்துத் தரும் இன்ஹேலர்களும் உள்ளன. அவை எவருக்குப் பொருந்தும் என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

இது ஸ்டீரொயிட் என்கிறார்கள். எலும்பு உருகும், முகம் ஊதும், பிள்ளை வளராது என்றெல்லாம் சொல்கிறார்களே?

ஸ்டீரொயிட்தான், அதை மறைப்பதில் பயனில்லை. உடற்கட்டுக்காகச் சிலர் களவாக எடுக்கும் ஸ்டீரொயிட் வேறு இனம். இது எமது உடலே சுரக்கும் கோட்டிசோல் என்ற ஹோர்மோனின் உறவு. பயப்படவேண்டிய அளவு எது, பயப்படத் தேவையில்லாத அளவு எது என்பதுதான் இங்கே விடயம்.

வளர்ந்த ஒருவருக்குக் காலையில் 200, மாலையில் 200 என 400 மைக்ரோகிராம் பெக்லோமெதசோன் எழுதப்பட்டுள்ளது என்று வைப்போம். அது குறைந்த அளவிலேயே அடங்கும். இதே ஆள் மருந்தை எடுக்காமல் விட்டுக் கடும் முட்டோடு வாட்டில் அனுமதிக்கப்பட்டால், பிரெட்னிசலோன் குளிசை நாளுக்கு 40 மில்லிகிராம் வரை, அதாவது 40,000 மைக்ரோகிராம், ஐந்து ஏழு நாட்களுக்குக் கொடுக்கப்படும். இவை வேறு வேறு மருந்துகள், நிறைக்கு நிறை ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் குளிசை உடல் முழுவதும் பரவுகிறது, உள்ளிழுக்கும் மருந்து பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நிற்கிறது. ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து இன்ஹேலரை ஒதுக்கும் வீட்டில்தான் ஸ்டீரொயிட் குளிசை அடிக்கடி வந்துசேர்கிறது.

பிள்ளைகளின் வளர்த்தியைப் பற்றிய கேள்வி நியாயமானது. இவ்வகை இன்ஹேலர்களைப் பல வருடம் பாவித்த பிள்ளைகளின் இறுதி உயரம் சராசரியாக ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் குறையக்கூடும். மறுபக்கத்தில், கட்டுப்படாத தொய்வும் வளர்ச்சியைக் குறைக்கிறது, நித்திரையைக் கெடுக்கிறது, பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறது. ஒரு சென்ரிமீற்றரையும் ஒரு வருடப் படிப்பையும் தராசில் வைத்தால் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிக அளவை, அதாவது வளர்ந்தோரில் நாளுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல், நீண்டகாலம் எடுப்போருக்குக் கண்புரை, எலும்பு மெலிதல் ஆகியவற்றின் வாய்ப்புக் கூடுவதால்தான் நிலைமை சீரானதும் வைத்தியர் அளவைக் குறைக்கிறார்.

கப்சூல் தந்திருக்கிறார்கள். இதை எப்படி எடுப்பது?

விழுங்கவேண்டாம். தேநீரோடு விழுங்கியவர்கள் இருக்கிறார்கள்; அவர்களைக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் அது பார்வைக்கு விழுங்கும் கப்சூல் போலவே இருக்கிறது. அதற்குள் இருப்பது உள்ளிழுக்கவேண்டிய தூள்.

ரோட்டாஹேலர் என்ற சிறு பிளாஸ்ரிக் கருவியின் பின்புறத்தில் ஒரு சதுரத் துளை உண்டு. கப்சூலை அதற்குள் நன்றாகச் செருகி, வாய்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு அடிப்பகுதியை முடியும்வரை திருகினால் கப்சூல் இரண்டாகப் பிரிந்து தூள் உள்ளே விழும். மூச்சை வெளியே விடுங்கள், ஆனால் கருவிக்குள் விடவேண்டாம். விட்டால் ஈரம் பட்டுத் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுவையாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். கருவியைத் திறந்து பாருங்கள். தூள் மிஞ்சியிருந்தால் இன்னொரு முறை இழுக்கவேண்டும். கருவியைக் கழுவினால் முழுவதும் காய்ந்தபிறகே பாவிக்கலாம்.

இதற்கு இழுவை வேகம் தேவை. அதனால் ஐந்து வயதிற்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், இழுக்கப் பலமில்லாத முதியோருக்கும் இது பொருந்தாது.

பிள்ளைக்குப் பம்மும் ஸ்பேசரும் தந்தார்கள். ஸ்பேசர் கட்டாயமா?

பிள்ளைக்குக் கட்டாயம், பெரியவருக்கும் நல்லது. ஸ்பேசர் என்பது பம்முக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் வெற்று அறை. பம்மை நேரே வாயில் வைத்து அடித்தால் மருந்தின் பெரும்பங்கு தொண்டையிலேயே படிகிறது. ஸ்பேசருக்குள் அடித்தால் அது அந்த அறைக்குள் மிதக்க, பிள்ளை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு எடுத்து அதை உள்ளே கொண்டுபோகும். ஒவ்வொரு தடவையும் பம்மைக் குலுக்கி, ஒரு முறை மட்டும் அடிக்கவேண்டும். இரண்டைச் சேர்த்து அடிக்கக்கூடாது. முகமூடி வைத்த ஸ்பேசரானால் அது முகத்தில் இடைவெளியில்லாமல் பதியவேண்டும். அழும் பிள்ளையின் நெஞ்சுக்குள் மருந்து சரியாகப் போகாது. மடியில் வைத்துச் சமாதானப்படுத்தியபின் கொடுங்கள். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும்.

கையில் ஸ்பேசர் இல்லாத வீட்டுக்கு ஒரு தகவல். தென்னாபிரிக்காவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் அளவுக்குத் துளையிட்டு இறுக்கிச் செய்த ஸ்பேசர், முட்டு வந்த பிள்ளைகளுக்குச் சல்பியூட்டமோல் போன்ற நிவாரண மருந்தைக் கொடுப்பதில் கடையில் விற்பதற்கு ஈடாக நின்றது. அவசரத்துக்கு அது போதும். தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துக்குச் சரியான ஸ்பேசர் ஒன்றைத் தேடிக்கொள்வதே நல்லது.

வாய் கொப்பளிக்கச் சொல்வது ஏன்?

வாயிலும் தொண்டையிலும் படிந்த மருந்து அங்கே பங்கசு வளர இடம்கொடுத்து வெண்படலத்தை உண்டாக்கலாம், குரலையும் கம்மச் செய்யலாம். தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினால் போதும். பற்தூரிகைக்குப் பக்கத்தில் இன்ஹேலரை வைத்து, பல் விளக்குமுன் இழுப்பவர்கள் கொப்பளிப்பையும் மறப்பதில்லை, மருந்தையும் மறப்பதில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அடுத்த வேளைக்கு வழக்கமான அளவை எடுங்கள். சேர்த்து இரட்டிப்பாக எடுக்கவேண்டாம்.

விரதத்திலும் நோன்பிலும் எடுக்கலாமா?

இது நாளுக்கு இரண்டு தடவை எடுக்கும் மருந்து என்பதால் றமழானில் சிக்கல் குறைவு: ஸஹர் நேரத்தில் ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று. கந்தசஷ்டி வருவது ஐப்பசி மழையோடு, தொய்வு கூடும் காலத்தில். அந்த ஆறு நாளும் மருந்தை விடுவது நல்லதல்ல. இன்ஹேலர் உணவு அல்ல, கொப்பளித்த தண்ணீரையும் துப்பிவிடுகிறோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போகிறவர்கள், அங்குள்ள புகையையும் தூசியையும் எண்ணி, இரண்டு மருந்தையும் பையின் மேலறையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். நிறுத்தவேண்டுமா?

வேண்டாம். கர்ப்பிணிகளிடம் நீண்டகாலம் பாவிக்கப்பட்டுவரும் மருந்து இது. பாலூட்டும் தாயும் எடுக்கலாம். தாய்க்கு முட்டினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் ஒட்சிசன் குறைகிறது, குறைமாதப் பிறப்பும் நிறைகுறைந்த பிறப்பும் கூடுகின்றன. மாமியாரோ அயலவரோ "வயிற்றில் பிள்ளையோடு பம் அடிக்காதே" என்று சொன்னால், அவரையும் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்ஹேலருக்குப் பதிலாகக் குளிசை கிடையாதா?

மொன்டெலுகாஸ்ட் என்ற இரவுக் குளிசை உண்டு. தனியாகப் பாவித்தால் தடுப்பு இன்ஹேலர் அளவுக்கு அது பலன் தருவதில்லை. வைத்தியர்கள் அதைப் பெரும்பாலும் கூடுதல் துணையாகவே தருகிறார்கள். அதை எடுக்கும் பிள்ளை கெட்ட கனவு காண்கிறதா, எரிந்து விழுகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படியான மனநிலை மாற்றங்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை அம்மருந்துக்கு இட்டது.

எங்கே வைப்பது? முடிந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டியும் தகரக் கூரைக்குக் கீழான அலுமாரித் தட்டும் மருந்துக்கு ஆகாத இடங்கள். பம் அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. அதிக சூட்டில் வெடிக்கவும் கூடும். கப்சூலுக்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில் காற்றுப் புகாத சிறு போத்தலில் போட்டு, எடுக்கும் நேரத்தில் மட்டும் திறவுங்கள்.

எண்ணிக்கை காட்டாத பம்மைக் குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்கவை அல்ல. மருந்து தீர்ந்தபின்னும் வாயு வரும். 200 தடவை அடிக்கும் பம்மில் காலையில் இரண்டும் மாலையில் இரண்டும் என்றால் 50 நாள். தொடங்கிய திகதியைப் பம்மின் உறையிலேயே பேனையால் எழுதிவிடுங்கள்.

சுகமாகிவிட்டேன். எப்போது நிறுத்தலாம்?

மூன்று மாதமளவு நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால், வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். குறைக்கும் காலத்தையும் தெரிந்தெடுக்கவேண்டும்: அறுவடை தொடங்கும் கிழமையோ மாரி தொடங்கும் கிழமையோ அதற்கு உகந்ததல்ல. உயர் இரத்த அழுத்தத்துக்கோ கண்ணழுத்தத்துக்கோ வேறு இடத்தில் மருந்து எடுக்கப் போனால், தொய்வு இருப்பதை முதலில் சொல்லுங்கள். புரொப்பிரனலோல் போன்ற குளிசையும் டிமொலோல் என்ற கண்துளியும் முட்டு வரச்செய்யக்கூடியவை.

இருமல் மாறவேயில்லை. அளவைக் கூட்டலாமா?

இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, குறிப்பாக மாலைக்காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்திருந்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யவேண்டும். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அது இலவசம்.

எந்த நிலையில் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்?

ஒரு வசனத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியாதபோது, உதடு நீலம்பாயும்போது, விலாவெலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுபடும்போது, நீலப் பம் அடித்தும் தணியாதபோது அல்லது நான்கு மணித்தியாலத்துக்குள் திரும்ப முட்டும்போது. சத்தமாக இழுத்த நெஞ்சு, ஆள் களைத்த நிலையில் திடீரென்று அமைதியானால் அது சுகம் அல்ல, ஆபத்து. இந்நேரத்தில் தடுப்பு மருந்து உதவாது. நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசர் மூலம் நீலப் பம்மை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவையாகப் பத்துத் தடவை வரை கொடுத்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். உள் வீதிகளில் இருப்பவர்கள், அம்புலன்ஸ் வந்துசேரும் சந்தியையும் கோயிலையும் தெளிவாகச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதியில் ரோச் லைற்றோடு நிறுத்தவேண்டும்.

கிளினிக்குக்கு வரும்போது என்ன கொண்டுவரவேண்டும்?

கொப்பி, கலண்டர்த் தாள், மிச்சமிருக்கும் மருந்து, எல்லாவற்றிலும் முக்கியமாக நீங்கள் பாவிக்கும் கருவி. மருந்தாளர் அல்லது தாதி முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். வரிசை நீளமாக இருக்கும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.